இறுக்கம் அறிதல்

மகிழுந்து வைத்திருப்போர் அதன் முகத்தை நாள்தோறும் துடைப்பர். அடிவயிற்றைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அங்கே முன்னிருந்து பின்னாக நீண்டு கிடக்கும் புகைக்குழாய், ஓசை எழுப்பினாலன்றி எவர் நினைவுக்கும் வருவதில்லை. அந்தக் குழாயின் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது ஓர் இரும்புக் கவ்வி. வளைந்த போல்ட்டு ஒன்று, குழாயின்மேல் சேணம் போல் அமரும் தகடு ஒன்று, இரண்டு நட்டுகள். இவ்வளவே அதன் உறுப்புகள். பட்டறைகளில் அதனைக் ‘கிளாம்பு’ என்பர். சில வெள்ளிக்குக் கிடைக்கும் அந்தச் சிறு பொருளிடம் ஓர் ஆசிரியர் பாடம் கற்றுக்கொண்ட கதை இது.

1988ஆம் ஆண்டில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியோடும் ஒன்பது வயது மகளோடும் முதிய தந்தையாரோடும் வாழ்ந்து வந்தார். அப்பகுதிக்குப் பெயர் தந்தவை செங்கற்சூளைகள். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், நகரைச் செங்கல்லால் கட்ட முனைந்தபோது எழுந்த சூளைகள் அவை. பின்னர் இரயில்வே வந்தது. தண்டவாளங்களும் பெட்டிகள் நிறுத்தும் களமும் பரந்தன. அவற்றில் உழைத்த தமிழ்நாட்டுத் தொழிலாளரும் அலுவலகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்தாரும் அங்கே வேரூன்றினர்.

ஆசிரியரின் தந்தையாரும் இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவரே. நின்றிருக்கும் பெட்டிகளின் சக்கரங்களை நீண்ட காம்புடைய சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிச் செல்வது அவர் பணி. நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும். வெடிப்புற்ற சக்கரம் கீறல் விழுந்த பானையைப் போல் ஒலிக்கும். முப்பது ஆண்டுகள் அவருடைய செவிகளே அவருக்குச் சோறு போட்டன. முதுமையில் கண் மங்கியது; செவி மங்கவில்லை.

நாட்டின் முதல் மகிழுந்தான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்திருந்தது. எனினும் ஆசிரியர் வீட்டு வாசலில் நின்றது, இரண்டு கை மாறி வந்த பழைய சப்பானிய வண்டிதான். அதில் குளிர்சாதனம் இல்லை. கண்ணாடிகளை இறக்கினால் காற்று, ஏற்றினால் புழுக்கம். வார நாள்களில் அது மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குச் சென்று திரும்பும். சனிக்கிழமைகளில் மட்டும் நெடும்பயணம். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அருகில் வாழ்ந்த தமக்கையாரைக் காணக் குடும்பத்தோடு புறப்படுவர். கூட்டரசு நெடுஞ்சாலை வழியே, பெட்டாலிங் ஜெயாவையும் ஷா ஆலாமையும் கடந்து, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஓட்டம் அது.

அவ்வாண்டின் நடுவில் ஒருநாள் வண்டி உறுமத் தொடங்கியது. காலையில் முடுக்கியவுடன் ‘டக் டக்’ என்று ஓர் ஓசை. விரைவு கூடும்போது அதுவே முழக்கமாயிற்று. பள்ளி வாயிலில் மாணவர்கள் திரும்பிப் பார்த்தனர். உடன் பணியாற்றுவோர், “ஐயா வருகிறார் என்பது இரண்டு தெருவுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது” என்று நகைத்தனர். பட்டறை ஒன்றில் காட்டியபோது, குழாய் முழுவதையுமே மாற்றிவிடுவது நல்லது என்றனர். மாதக் கடைசி; ஆசிரியரின் கையில் அவ்வளவு பணம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தாமே வண்டிக்கு அடியில் புகுந்தார். முன்னிருக்கைகளுக்குக் கீழே, இரண்டு குழாய்கள் ஒன்றனுள் ஒன்று புகும் இடத்தில் கவ்வி தளர்ந்திருந்தது. தளர்ந்ததை இறுக்கினால் தீர்ந்தது என்று எண்ணினார். ஸ்பானரின் காம்பில் ஓர் இரும்புக் குழலைச் செருகி நெம்புகோலாக்கிக் கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். ஒரு நட்டு இறுகியது, மேலும் இறுகியது, பின்னர் ‘களுக்’கென்று சுழன்றது. போல்ட்டின் மரை அறுந்துவிட்டது. கவ்வியின் கீழிருந்த குழாய் வட்டம் கெட்டு நசுங்கிப் போயிற்று. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பால் டின் ஒன்றை வெட்டித் தகடாக்கி, அந்த இடத்தில் சுற்றி, கம்பியால் வரிந்து கட்டினார். வண்டியை முடுக்கிப் பார்த்தபோது முழக்கம் அடங்கியிருந்தது. கைகளைத் துடைத்துக் கொண்டு எழுந்தவரின் முகத்தில் வெற்றிக்களிப்பு தெரிந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையார் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. கேளாமல் அறிவுரை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

சில வாரங்கள் சென்றன. சனிக்கிழமைப் பயணங்களில் மகள் தலைவலி என்று சொல்லத் தொடங்கினாள். எல்லாச் சனிக்கிழமைகளிலும் அன்று. சில நாள்களில் மட்டும். கிள்ளானில் இறங்கி அத்தையின் வீட்டு முற்றத்தில் சிறிது நேரம் ஓடியாடினால் வலி நீங்கிவிடும். திரும்பும்போது சில வேளை மீண்டும் வரும்.

“ஓடும் வண்டியில் புத்தகம் படிக்காதே என்று எத்தனை முறை சொல்வது?” என்றார் ஆசிரியர். புத்தகத்தை வாங்கி முன்னே வைத்துக்கொண்டார். வலி நிற்கவில்லை. “காலையில் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் அப்படித்தான்” என்றார். சாப்பாடு கண்டிப்பாயிற்று. அப்போதும் நிற்கவில்லை. ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி, “அப்பா, மழை பெய்தால்தான் தலை வலிக்கிறது” என்றாள்.

ஆசிரியர் சிரித்துவிட்டார். அடுத்த நாள் பள்ளியில் அதனை வேடிக்கையாகவும் சொன்னார். காரணத்தையும் காரியத்தையும் பொருத்திப் பார்க்கத் தெரியாத வயது என்றும், கிள்ளானுக்கு வர மனமில்லாத பிள்ளையின் சாக்கு என்றும் விளக்கம் கூறினார். வீட்டில் அவர் குரல் மேலும் கடுமையாயிற்று. வண்டியில் ஏறியதும், “இன்று தலைவலிப் பேச்சே வரக்கூடாது” என்று முன்கூட்டியே அறிவித்தார். மகள் அதன்பின் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், கிள்ளானிலிருந்து திரும்பும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. சில இடங்களில் நெடுநேரம் அசையாமல் நின்றன. கண்ணாடிகள் முழுவதும் ஏற்றப்பட்டிருந்தன. வீடு வந்து சேர்ந்தபோது மகள் வாயிற்படியிலேயே வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. நடையில் தள்ளாட்டம். பக்கத்துத் தெரு மருத்துவர் பார்த்தார். நல்ல காற்றில் இருக்கச் செய்தபின் அவள் மெல்லத் தெளிந்தாள்.

அன்றிரவு தாத்தா பேத்தியின் தலைமாட்டில் அமர்ந்தார். “உனக்கு எப்போதெல்லாம் வலிக்கிறது, கண்ணு?” என்று கேட்டார். ஏன் வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

“மழை பெய்தால்தான் தாத்தா. அப்பா நம்பமாட்டார்.”

முதியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் எழுந்து மகனிடம் சென்றார். “மழை பெய்தால் வண்டியில் நீ என்ன செய்வாய்?” என்றார்.

“கண்ணாடியை ஏற்றுவேன்.”

“அவள் சொன்னது அதுதானப்பா. நீ ஓசையை அடக்கினாய், புகையை அடக்கவில்லை.”

வண்டியின் வயிற்றில் நடப்பதை அறிந்தோர்க்கு அந்தச் சொற்களின் பொருள் விளங்கும். பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் பிறக்கும். முழுமையாக எரியாத நிலையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியும் உடன் பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் செந்நிறப் பொருள், உயிர்வளியைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் இந்த நச்சுவளியைப் பற்றிக்கொள்ளும். பற்றியதை எளிதில் விடுவதுமில்லை. அதனால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் உயிர்வளிக்கு ஏங்கும். முதலில் தலைவலி, பின்னர் குமட்டல், மயக்கம், அளவு மிகுந்தால் உயிரிழப்பு. சிறுவரின் மூச்சு பெரியவர் மூச்சினும் விரைவானது. ஆதலால் அவர்களையே அது முதலில் தாக்கும்.

அந்த வளியை மனிதர் மூச்சுக்கு எட்டாதவாறு வண்டியின் வாலுக்குக் கொண்டுபோய் விடுவதே புகைக்குழாயின் முதற்கடமை. ஓசையைக் குறைப்பது இரண்டாவதே. குழாயின் இணைப்பு இருக்கைக்கு நேர் கீழே பிளந்திருந்தால், வண்டி நிற்கும்போது புகை அடித்தளத்தில் தேங்கும். பழைய வண்டியின் தளத்தில் துருவால் விழுந்த துளைகளும், கம்பிகள் நுழையும் இடத்து ரப்பர் வளையங்களின் இடைவெளிகளும் அதற்கு வாயில்களாகும். கண்ணாடிகள் இறங்கியிருந்தால் காற்று அதனை அடித்துச் சென்றுவிடும். ஏற்றியிருந்தால் அது உள்ளேயே தங்கும். மழைக்கும் தலைவலிக்கும் இடையே நின்ற உறவு இதுவே. ஒன்பது வயதுப் பெண் தான் கண்டதைக் கண்டவாறே சொல்லியிருந்தாள். காரணத்தையும் காரியத்தையும் பொருத்தத் தவறியவர் அவளுடைய தந்தையே.

மறுநாள் ஞாயிறு. தந்தையார் வண்டியை வாசலின் திறந்த வெளிக்குக் கொண்டுவரச் செய்தார். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடுவது தற்கொலைக்கு ஒப்பானது என்பது அவர் முதற்சொல். பின்னர்த் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழலில் ஒரு முழம் நறுக்கி, ஒரு முனையைத் தம் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையை மகன் வண்டியின் ஓரத்தில் படுத்தவாறு குழாயின் வழியே நகர்த்தினார். மனைவியார் ஈரத்துணி ஒன்றால் வால் முனையைச் சிறிது நேரம் மறைத்துப் பிடித்தார். வழி அடைபட்ட புகை, பிளந்த இடத்தைத் தேடிச் சீறும். அங்கே ஓசை பெருகும். முன்னிணைப்பை அடைந்ததும் முதியவர் கையை உயர்த்தினார். பால் டின் தகட்டின் ஓரத்திலிருந்து ‘புஸ் புஸ்’ என்று மூச்சு வந்துகொண்டிருந்தது.

இயந்திரத்தை நிறுத்தியபின் இரண்டு மணி நேரம் எவரும் வண்டியைத் தொடக்கூடாது என்றார் அவர். ஓடி நின்ற புகைக்குழாய் தோலை உரிக்கும் சூடுடையது. அந்த நேரத்தில் ஏனைய ஆயத்தங்கள் நடந்தன. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்து, ஜாக்கியால் வண்டியின் முன்புறத்தை உயர்த்தினர். உயர்த்தியபின், பழைய தண்டவாளக் கட்டைத் துண்டுகள் இரண்டை இருபுறமும் உறுதியான இடத்தில் முட்டுக் கொடுத்தனர். “ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. அதை நம்பி ஒருவனும் அடியில் படுக்கக்கூடாது” என்றார் தந்தையார். முட்டுக்கொடுத்த வண்டியைத் தோளால் தள்ளி, அசையவில்லை என்று உறுதி செய்தார். இரயில்வே நாள்களில் அணிந்த கண்காப்புக் கண்ணாடியை மகனிடம் கொடுத்தார்; மேலே பார்த்துப் படுப்பவன் கண்ணில்தான் துரு உதிரும். அவரால் இனி அடியில் படுக்க இயலாது. ஒரு முக்காலியைப் போட்டுச் சக்கரத்தின் அருகில் அமர்ந்துகொண்டார். மகன் கையானார், தந்தை செவியும் அறிவுமானார்.

கம்பியையும் தகட்டையும் அகற்றியபோது சேதம் தெரிந்தது. நசுங்கிய வெளிக்குழாய்க்கும் உட்குழாய்க்கும் இடையே ஒரு விரல்நுனி நுழையும் அளவு பிளவு. கவ்வி தளர்ந்திருந்தபோது அங்கே ஓரிழை கசிவே இருந்திருக்கும். அளவு கடந்து இறுக்கியதால் அது வாயில் போல் திறந்துவிட்டது. ஆசிரியர் பேச்சற்றுப் போனார். மகளின் தலைவலியைத் தொடங்கி வைத்தது தம் கையே என்பதை அந்தப் பிளவு சொல்லிற்று. மாலை வகுப்பில் தேர்வு மாணவர்க்கு வலியறிதல் அதிகாரத்தை ஆண்டுதோறும் விளக்குபவர் அவர். வண்டியில் ஏற்றும் பொருள் எவ்வளவு மெல்லியதாயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பதற்கு எத்தனையோ எடுத்துக்காட்டுகள் தந்திருக்கிறார். தம் வண்டியின் கீழ் அவற்றுள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பின்புறச் சத்தமடக்கியைத் தட்டிப் பார்க்கச் சொன்னார் தந்தையார். மகன் ஸ்பானரால் தட்டினார். முன்பக்கம் தெளிவாக ஒலித்தது. பின்மூலை மந்தமாக ஒலித்தது. “அங்கே உள்ளிருந்து அரிக்கிறது. இன்னும் ஓராண்டு தாங்கும்” என்றார். குழாய் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய குழாயிலிருந்து அந்த ஆவி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில், சூடேறாத குழாயினுள் அது நீராகப் படிந்து, புகையின் அமிலத்தோடு கலந்து, இரும்பை உள்ளிருந்தே தின்னும். நாள்தோறும் குறைந்த தொலைவே ஓடுவதால் வண்டி நெடுநாள் உழைக்கும் என்று ஆசிரியர் எண்ணியிருந்தார். உண்மையில் கிள்ளான் பயணங்களே அந்தக் குழாய்க்கு ஆயுளை நீட்டித்து வந்தன.

தேவையான பொருள்களை ஆசிரியர் வண்டி உதிரிப்பொருள் கடையில் வாங்கி வந்தார்: இரண்டு குழாய்முனைகளையும் மேலே மூடும் ஒரு சாண் அளவு இணைப்புக்குழாய், அதன் வெளிச்சுற்றுக்குப் பொருந்தும் கவ்விகள் இரண்டு, வெப்பந்தாங்கும் பசை ஒரு டின், குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் இரண்டு. கவ்வியின் அளவை உட்குழாயைக் கொண்டு எடுத்தல் பலரும் செய்யும் பிழை. அது தழுவப்போவது வெளிக்குழாயை ஆதலால், வெளிக்குழாயின் வெளிச்சுற்றையே அளக்க வேண்டும்.

ரப்பர் வளையத்தைக் கையில் வாங்கிய முதியவர் முகர்ந்து பார்த்தார். “இது பால்மரத்து ரப்பர் இல்லை” என்றார். அவர் சொன்னது சரியே. பால்மர ரப்பர் நன்கு இழுபடும். ஆனால் வண்டியின் அடியிலுள்ள வெப்பத்தையும் காற்றிலுள்ள ஓசோனையும் நெடுங்காலம் தாங்காமல் வெடித்துவிடும். அதனால் இவ்விடத்திற்குச் செயற்கை ரப்பர் வந்துவிட்டது. அவருடைய பெற்றோர் இருவரும் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியலுக்கு முன் எழுந்து மரம் வெட்டியவர்கள். பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. மகிழுந்துகள் பெருகப் பெருக அவற்றின் வழித்தோன்றல்கள் மலாயா எங்கும் காடாயின. அந்தக் காட்டைப் பேணத் தமிழர் கப்பலேறி வந்தனர். உலகத்து வண்டிகளின் சக்கரங்களுக்குப் பால் வடித்த தலைமுறையில் வண்டி வைத்திருந்தவர் எவருமில்லை. முதியவர் வளையத்தை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார். “புகைக்குழாயை இரும்பால் கட்டாமல் ரப்பரால் தொங்கவிடுவது ஏன், தெரியுமா? இயந்திரம் ஆடும். அதனோடு குழாயும் ஆட வேண்டும். ஆடவிடாமல் கட்டினால் எங்காவது ஒடியும்.”

வேலை தொடங்கியது. நசுங்கிய முனையை இரும்பு வாளால் அறுத்தெடுத்தனர். எஞ்சிய முனைகளைக் கம்பித் தூரிகையால் வெள்ளையிரும்பு தெரியுமட்டும் தேய்த்தனர். பசையை மெல்லியதாகப் பூசி, இணைப்புக்குழாயை இருமுனைகளின் மேலும் இரண்டிரண்டு அங்குலம் ஏறுமாறு நுழைத்தனர். அதன் ஓரங்களில் நீளவாக்கில் வெட்டுகள் இருந்தன. கவ்வி அவற்றின்மேல் அமர்ந்தால்தான் வெளிக்குழாய் சுருங்கி உட்குழாயைத் தழுவும்.

ஆசிரியர் ஸ்பானரை எடுத்தார். “வேண்டாம், கையால்” என்றார் தந்தையார். நட்டுகள் யாவும் விரலால் இறுகுமளவே சுற்றப்பட்டன. பின்னர்க் குழாய் முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தது. அது எங்கும் தளத்தை முட்டுகிறதா? அச்சைத் தொடுகிறதா? ரப்பர் வளையங்கள் நேராகத் தொங்குகின்றனவா? குழாயை மெல்லத் திருப்பி, அது இயல்பாக அமரும் நிலையைக் கண்டபின்னரே இறுக்கத் தொடங்கலாம். அதுவும் இயந்திரத்துக்கு அருகிலுள்ள கவ்வியிலிருந்து தொடங்கி வாலை நோக்கிச் செல்ல வேண்டும். ஒரு கவ்வியின் இரண்டு நட்டுகளுள் ஒன்றை மட்டும் இறுக்கிவிடலாகாது; இதில் அரைச்சுற்று, அதில் அரைச்சுற்று என்று மாறி மாறிச் சுற்றினால்தான் சேணம் சாயாமல் அமரும்.

ஆசிரியர் சுற்றினார். முதியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தளர்ந்த நட்டு ‘கிறீச்’சென்று எளிதில் திரும்பும், இறுக இறுக ஓசை தாழும், போதிய இறுக்கம் வந்தபோது ஸ்பானரிலிருந்து ஒரு சிறு முனகல் எழும். அந்த முனகல் எழுந்தவுடன் அவர், “போதும்” என்றார்.

“இன்னும் சுற்றலாமே அப்பா. இடம் இருக்கிறது.”

“சுற்றலாம். அடுத்த ஆண்டு கழற்ற முடியாது. கழற்ற முடியாதபடி இறுக்கியது, இறுக்கியது ஆகாது, கெடுத்தது.”

ஆசிரியரின் கை நின்றது. அதன்பின் ஒவ்வொரு நட்டுக்கும் அவர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். கடைசி நட்டில் தந்தையார் சொல்லுமுன்பே அவர் கை தானாக நின்றது. முதியவர் கண்ணைத் திறந்து தலையசைத்தார்.

கீழே இறக்கிய வண்டியைக் குளிர்ந்த நிலையிலேயே முடுக்கி, சவர்க்கார நீரைத் தூரிகையால் இணைப்புகளில் தடவிப் பார்த்தனர். கசிவிருந்தால் குமிழி எழும். முன்னிணைப்பில் குமிழி எழவில்லை. பின்கவ்வியில் இரண்டொரு சிறு குமிழிகள் தோன்றின. இயந்திரத்தை நிறுத்தி அதற்கு மட்டும் ஒரு கால்சுற்றுக் கூட்டினர், குமிழி மறைந்தது. சில மைல் ஓட்டிச் சூடேற்றி, மறுபடி ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபார்க்கும்படி தந்தையார் பணித்தார். முதற்சூட்டில் பசை இறுகி இரும்பு தன் இடத்தில் படியும்போது சிறு தளர்ச்சி ஏற்படுவது இயல்பு. தளத்திலிருந்த துருத்துளைகளைத் தகடு வைத்து அடைக்கும் வேலை அடுத்த விடுமுறையில் முடிந்தது.

இவையெல்லாம் முடிந்தபின் ஆசிரியருக்கு எஞ்சியிருந்தது ஒரு வேலை. குளித்து உடை மாற்றிக்கொண்டு மகளின் அருகில் சென்று அமர்ந்தார். வகுப்பில் நாற்பது மாணவர் முன் தடையின்றிப் பேசுபவருக்கு அன்று சொல் எளிதில் வரவில்லை. “நீ சொன்னதுதான் சரியம்மா. நான் கேட்டிருக்க வேண்டும்” என்றார். அவள் சற்று நேரம் அவரைப் பார்த்திருந்தாள். பின்னர், “இனிமேல் வண்டியில் புத்தகம் படிக்கலாமா?” என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் மழை பெய்தது. கண்ணாடிகள் ஏறியிருந்தன, அவற்றுள் ஒன்றை மட்டும் தந்தையார் இரண்டு விரலளவு இறக்கி வைக்கச் செய்தார். ஷா ஆலாம் வரை அவள் படித்தாள். கிள்ளான் நகருக்குள் நுழைந்தபோது தூங்கியிருந்தாள். தாய் பதறித் தொட்டு எழுப்பினாள். வெறும் தூக்கம்தான். வலி இருக்கிறதா என்று அன்று நான்கு முறை கேட்கப்பட்டது. நான்கு முறையும் இல்லை என்றே விடை வந்தது.

ஆசிரியரின் பள்ளியில் அதன்பின் ஒரு மாறுதல் தெரிந்தது. இயந்திரக் கருவிகளுக்குத் தமிழ்ப்பெயர் காண்பதில் அவர் ஆர்வமுடையவர். ‘கிளாம்பு’க்குக் ‘கவ்வி’ என்று கரும்பலகையில் எழுதிப் பெருமை கொண்டவர். அவ்வாண்டு முதல், பெயரை எழுதியபின் பொருளையும் மாணவர் கையில் கொடுத்தார். மரை அறுந்த அந்தப் பழைய கவ்வி மேசையில் எப்போதும் கிடந்தது. “இது ஏன் கெட்டது?” என்று கேட்பார். துருவால் என்பர் சிலர். பழமையால் என்பர் சிலர். கடைசியில் தாமே விடை சொல்வார். யார் கெடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்வார். வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை அழைத்தால், முன்பெல்லாம் “ஏன் செய்யவில்லை?” என்பதே முதற்கேள்வி. இப்போது, “எந்த இடத்தில் நின்றுவிட்டாய்?” என்று தொடங்கினார். கண்டிப்பு அவரிடம் குறையவில்லை. இறுக்குமுன் பொருத்திப் பார்க்கும் பழக்கம் கூடிற்று.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. சக்கரங்களைத் தட்டிய முதியவர் மறைந்தார். அவர் சுத்தியலோடு நடந்த பிரிக்பீல்ட்ஸ் இரயில் களத்தின்மேல் 2001ஆம் ஆண்டு முதல் கேஎல் சென்ட்ரல் நிலையம் உயர்ந்து நிற்கிறது. 2010ஆம் ஆண்டில் அப்பகுதி ‘லிட்டில் இந்தியா’ என்று வண்ணம் பூசிக்கொண்டது. புதிய வண்டிகளின் புகைக்குழாய்கள் துருவை எதிர்க்கும் எஃகால் ஆனவை. அவற்றின் இணைப்புகள் பலவும் பற்றவைக்கப்பட்டவை. எனினும் பழைய வண்டியொன்றைப் பேணும் வீடுகளில் கவ்வியும் ரப்பர் வளையமும் தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கின்றன. புகை நாற்றமோ புதிய உறுமலோ காரணமற்ற தலைவலியோ தோன்றினால், கண்ணாடிகளைத் திறந்து, வண்டியை நிறுத்தி, அடிவயிற்றைப் பார்க்க வேண்டும் என்பதும் மாறவில்லை.

மகள் இன்று ஓட்டுவது மின்கலத்தால் இயங்கும் மகிழுந்து. அதற்குப் புகைக்குழாயும் இல்லை, கவ்வியும் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் அதைச் சுற்றி வந்து குனிந்து பார்த்து, தட்டிக் கேட்பதற்கு ஒன்றுமில்லையே என்று வியந்தார். சென்ற ஆண்டுத் தீபாவளிக்கு அவர்கள் கிள்ளானுக்குப் புறப்பட்டபோது, பின்னிருக்கையிலிருந்த பேரன் வயிறு வலிக்கிறது என்றான். ஆசிரியர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். பின்னே திரும்பி, “எப்போதெல்லாம் வலிக்கிறது, கண்ணு?” என்று அவனிடம் கேட்டாள்.